சீராளரின் தந்தையார்

தென்னாட்டு வரலாற்றில் வாதாபிப் போர் பெரும் பெயர் பெற்றது. இன்று கன்னட நாட்டிற் பாதாமி என வழங்கும் அந்நகரம் ஏழாம் நூற்றாண்டில் மேலைச் சளுக்கியரின் தலைநகராய் விளங்கிற்று. அங்கிருந்து ஆண்ட இரண்டாம் புலிகேசி மகேந்திரவர்மன் காலத்திலேயே காஞ்சியின் மதிற்புறம் வரை படை கொண்டு வந்தவன். மகேந்திரன் மைந்தன் நரசிங்கவர்மன் மணிமங்கலம், பரியளம், சூரமாரம் என்னும் களங்களில் அவனைப் புறங்காட்டச் செய்து, பின்னர் அவன் நாட்டுக்குள்ளேயே படை செலுத்திக் கி.பி. 642-ஆம் ஆண்டை ஒட்டி வாதாபியைக் கைக்கொண்டான். 'வாதாபி கொண்டான்' என்னும் பட்டமும் புனைந்தான். பாதாமிப் பாறை ஒன்றில் அவன் ஆட்சியின் 13-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டொன்று சிதைந்த நிலையில் இன்றும் காணப்படுகிறது.

பல்லவர் செப்பேடுகள் இவ்வெற்றியை வாயாரப் புகழ்கின்றன. வாதாபி என்னும் அசுரனை அழித்த அகத்திய முனிவரோடு நரசிங்கனை ஒப்பிட்டு மகிழ்கின்றன. நகர நடுவில் நின்ற வெற்றித் தூணைக் கைப்பற்றியதையும் வேலூர்ப்பாளையச் செப்பேடு கூறுகிறது. ஆயினும் அவற்றுள் ஒன்றிலேனும், களத்தின் முன்னணியில் நின்று யானைப் படையை நடத்திய தலைவன் யாவன் என்ற செய்தி இல்லை. அரசர் ஏடுகள் அரசர் புகழ் பாடுவதற்கே எழுந்தவை. அதில் வியப்பொன்றும் இல்லை.

வியப்புக்குரியது வேறொன்று. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் (கி.பி. 1133-1150) திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான், வாதாபியை அழித்த படைத்தலைவரின் பெயரைத் தெளிவாகச் சொல்கிறார், மன்னன் பெயரைச் சொல்லாது விடுகிறார். செப்பேட்டில் மன்னன் உளன், தலைவர் இல்லை. புராணத்தில் தலைவர் உளர், மன்னன் பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தே வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர் பரஞ்சோதியார் காலத்தையும், அவர் வழியாகத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் காலத்தையும் ஏழாம் நூற்றாண்டென நிறுவினர். நம் சமயாசாரியர் காலத்தை வரையறுக்க ஊன்றுகோலாய் நின்றது ஒரு படைவீரரின் வாழ்க்கை என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்வது நன்று.

பரஞ்சோதியார் பிறந்த ஊர் காவிரி பாயும் சோழநாட்டில், திருமருகலுக்கு அண்மையில் உள்ள திருச்செங்காட்டங்குடி. அவ்வூர்த் திருக்கோயில் கணபதீச்சரம் எனப்படும். அவருடைய குலத்தைச் சேக்கிழார் மாமாத்திரர் குலம் என்கிறார். இச்சொல்லுக்குப் பொருள் கூறுவதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. அமைச்சர் முதலிய பெரும்பதவியினர் என்பர் சிலர். மருத்துவத் தொழிலினர் என்பர் சிலர். வடமொழியில் மகாமாத்திரர் என்னும் சொல் யானைத் தொழில் வல்லாரையும் குறிக்கும். சேக்கிழார் வாக்கையே துணையாகக் கொண்டால் இம்மூன்றும் முரண்படவில்லை என்பது விளங்கும். பரஞ்சோதியார் ஆயுள்வேதக் கலையைக் கற்றார். வடநூற் கலைகளைக் கற்றார். படைக்கலத் தொழிலில் எல்லை கண்டார். யானையும் குதிரையும் நடத்தும் வித்தையில் உலகில் மேம்பட்டவரானார். இவ்வரிசையில் மருத்துவமும் படைக்கலமும் அருகருகே நிற்றல் காண்க.

இக்காலத்தார்க்கு மருத்துவர் ஒருவர் படைத்தலைவரானது புதுமையாகத் தோன்றலாம். அக்காலப் போரின் இயல்பை அறிந்தார்க்கு அது புதுமையன்று. பண்டைப் படையின் வலிமை யானையில் இருந்தது. யானை, குதிரைபோல் எளிதிற் பழகும் விலங்கன்று. மதம் படும், காலிற் புண்படும், நீரும் தீனியும் மாறினால் நோயுறும். அதன் நோய்களுக்கென்றே தனி நூல் வகுத்தனர் முன்னோர். பாலகாப்பிய முனிவர் பெயரால் வழங்கும் யானை மருத்துவ நூல் வடமொழியில் இன்றும் உள்ளது. காவிரி நாட்டிலும் தொண்டை நாட்டிலும் தழை தின்று பழகிய யானைகளைப் பல நூறு கல் தொலைவு கடத்தி, வறண்ட மேட்டு நிலங்களைத் தாண்டி, துங்கபத்திரைக்கும் அப்பால் கொண்டுபோய்க் கோட்டை முன் நிறுத்துவதென்றால், அங்குசம் பிடிக்கும் கையோடு மருந்தறியும் கையும் வேண்டும். வாதாபி துகளாகும்படி யானைகளை உகைத்தார் என்று புராணம் கூறும் செயலுக்குப் பின்னே இத்தொழில் நுணுக்கம் முழுவதும் மறைந்து கிடக்கிறது. ஓதி அறிந்ததும் கையால் பழகியதும் ஒருவரிடத்தே கூடியமையால் அன்றோ, மன்னன் அவரைத் தன் படைக்குத் தேர்ந்தான்!

வாதாபியிலிருந்து அவர் கொணர்ந்தவை பல மணிகளும் பொருட்குவையும் யானைத் திரளும் குதிரைத் தொகுதியும் எனப் புராணம் எண்ணுகிறது. அவ்வெண்ணிக்கையில் விநாயகர் திருவுருவம் இல்லை. வாதாபி கணபதியைப் பரஞ்சோதியார் கொணர்ந்தார் என்பது பிற்காலச் செவிவழிச் செய்தி. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனை அப்பெயரை வீடுதோறும் ஒலிக்கச் செய்தது. அன்பர் உள்ளத்தில் ஊறிய செய்தியைப் பழிப்பது முறையன்று. எனினும் வரலாறு எழுதுவோர் அதனைச் சேக்கிழார் கூற்றாக எடுத்துக்காட்டுதல் பொருந்தாது.

வெற்றியோடு மீண்ட தலைவரின் ஆற்றலை மன்னன் வியந்து பேசிய பொழுது, அமைச்சர்கள் அவர் சிவபெருமானுக்கு அடித்தொண்டு புரியும் அன்பர் என்றும், ஆதலால் அவரை எதிர்ப்பார் உலகில் இல்லை என்றும் தெரிவித்தனர். கேட்ட மன்னன் மகிழவில்லை, நடுங்கினான். இறைவன் தொண்டரை அறியாமல் போர்முனையில் விட்டுவிட்டேனே என்று வருந்திப் பொறுத்தருள வேண்டினான். பரஞ்சோதியார் அதற்குக் கூறிய மறுமொழி, தமக்குரிய தொழிலைத் தாம் செய்ததில் தீங்கு யாதுளது என்பதே. போர்த்தொழிலை அவர் இழிவாகவும் எண்ணவில்லை. அதன் வெற்றியைத் தமக்குரியதாகவும் கொள்ளவில்லை. மன்னன் நிறைந்த பொருள் வழங்கி, இனி உம் நிலையை யான் குறைவுறச் செய்யாமல் நீரே விரும்பியவாறு திருத்தொண்டு செய்க என விடை கொடுத்தான்.

அவர் ஊர் திரும்பினார். கணபதீச்சரத்து இறைவரை வணங்கினார். திருவெண்காட்டு நங்கையாரை மணந்து இல்லறம் மேற்கொண்டார். நாள்தோறும் அடியார் ஒருவருக்கேனும் அமுது செய்வித்த பின்னரே தாம் உண்பது என்று விரதம் பூண்டார். அடியார் முன்னிலையில் தம்மை மிகச் சிறியராக எண்ணி ஒழுகினமையால் உலகத்தார் அவரைச் சிறுத்தொண்டர் என்று அழைத்தனர். கோட்டை ஒன்றைத் தரைமட்டமாக்கிய ஒருவர்க்கு அமைந்த பெயர் இது. பரஞ்சோதி என்னும் பிள்ளைத் திருநாமம் ஊராரிடையே வழக்கொழிந்து போயிற்றுப் போலும்! திருஞானசம்பந்தப் பிள்ளையார், நம்பியாரூரர், தஞ்சைக் கல்வெட்டு, பின்வந்த நூல்கள் எல்லாம் சிறுத்தொண்டர் என்னும் பெயரையே கூறுகின்றன.

ஆளுடைய பிள்ளையார் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளிய போது சிறுத்தொண்டர் எதிர்கொண்டு வரவேற்றார். திருப்புகலூரில் முருகநாயனார் திருமடத்தில் பிள்ளையாரும் அப்பர் பெருமானும் திருநீலநக்கரும் கூடியிருந்த கூட்டத்தில் சிறுத்தொண்டரும் இருந்தார். பிள்ளையார் அருளிய மூன்றாம் திருமுறைப் பதிகம் ஒன்றில் சிறுத்தொண்டர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நேரிற் கண்டு பழகியவர் வாக்கு அது. அதில் பிள்ளையார் அவருடைய தோளின் வலிமையைச் சுட்டுகிறார். வாளும் அங்குசமும் கீழே வைத்து நெடுநாள் ஆன பின்னரும், அடியார் காலைக் கழுவி நீர் வார்க்கும் நிலையிலும், அத்தோள்கள் கண்டார் கண்ணுக்கு ஒரு வீரரின் தோள்களாகவே தோன்றின என்று கொள்ளலாம்.

இத்தோளைச் சேக்கிழார் மறக்கவில்லை. ஆனால் அவர் அதனை வேறோரிடத்தில் வைத்துக் காட்டுகிறார்.

சிறுத்தொண்டருக்கும் நங்கையாருக்கும் ஒரே மகனார் பிறந்தார். சீராளர் என்று பெயரிட்டனர். மூன்றாம் ஆண்டில் முடி களைந்தனர். ஐந்தாம் ஆண்டில் பள்ளியில் இருத்தினர். இந்நிலையில் ஒருநாள் வடதேசத்துப் பைரவர் கோலத்தில் இறைவன் வந்தான். வந்தவர் பெண்டிர் தனித்திருந்த மனையில் தங்காது கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் அமர்ந்தார். அன்று விருந்துக்கு அடியார் எவரும் கிடையாமல் வாடித் திரும்பிய நாயனார், செய்தி கேட்டு ஓடி, அவரை வணங்கி அழைத்தார். தாம் ஆறு திங்களுக்கு ஒருமுறை உண்பதாகவும், உண்பது பசு என்றும், அப்பசுவும் நரப்பசு என்றும் பைரவர் கூறினார். ஐந்து பிராயத்தினனாய், உறுப்பில் குறைவிலனாய், ஒரு குடிக்கு ஒரே மகனாய் உள்ளவனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனம் உவந்து சமைத்தல் வேண்டும் என்றார்.

இப்பகுதியை வாசிப்போர் பலர் விரைந்து கடந்துவிடுவர். விரைந்து கடத்தற்கு உரியதன்று. நாயனார் மனைவியாரிடம் வந்து சொன்னபொழுது, அவ்விருவரும் முதலில் எண்ணியது வேற்றில்லத்துப் பிள்ளையைப் பற்றியே. பொருள் நிறையக் கொடுத்தால் பிள்ளையைக் கொடுப்பாரும் உளராகலாம். ஆனால் தம் கையால் தம் மகனை அரியும் தாய் தந்தையர் எங்கும் இரார் என்று கணவர் கூறினார். அதன் பின்னரே தம் மகனை அழைப்போம் என்ற முடிவு பிறந்தது. செல்வர் ஒருவர் பொருளால் தீர்த்துக்கொள்ளக்கூடிய வழி அடைபட்டுப் போனதை நாம் இங்கே காண்கிறோம். மன்னன் கொடுத்த பொருளும் வாதாபியின் பொருளும் அன்று அந்த இல்லத்தில் பயன்படவில்லை.

நாயனார் பள்ளிக்குச் சென்றார். காற்சதங்கை ஒலிக்கப் பிள்ளை ஓடி வந்து தழுவிற்று. தந்தையார் அவரை எடுத்துத் தோளின் மேல் ஏற்றிக்கொண்டு இல்லம் திரும்பினார். பிள்ளையார் பாடிய தோள் இதுவே. வாதாபிக் களத்தில் அவர் தோள் எத்தகையதாய் இருந்தது என்று சேக்கிழார் விரித்துப் பாடவில்லை. அப்போரையே இரண்டொரு பாட்டில் முடித்துவிட்டார். பள்ளியிலிருந்து இல்லம் வரை உள்ள அச்சிறு தெருவைக் காட்டியே அத்தோளை நம் நெஞ்சில் நிறுத்துகிறார். பெரும்புலவர் எதனைச் சுருக்குகின்றார், எதனை விரிக்கின்றார் என்பது பார்த்துக் கற்கத்தக்கது.

நங்கையார் மகனார்க்கு முகம் துடைத்து அணி செய்தார். பெற்றோர் முகமலர்ச்சியைக் கண்டு பிள்ளையும் மகிழ்ந்து நகைத்தது. பின் நிகழ்ந்தவற்றை அன்பர்கள் அறிவார்கள். அமுது சமைந்தது, பைரவர் தலையிறைச்சியையும் கேட்டார், அதனைச் சந்தனத் தாதியார் முன்னரே எண்ணிச் சமைத்து வைத்திருந்தார். தனியே உண்ணேன், உடன் உண்ண ஓர் அடியார் வேண்டும் என்றார். எவரும் கிடைக்கவில்லை, நாயனாரே உடன் அமர்ந்தார். அப்பொழுது பைரவர், மகன் உண்டேல் அழைத்து வருக என்றார். அவன் இப்போது உதவான் என்று தந்தையார் சொன்னார். வந்தால்தான் உண்போம் என்றார் அடியார்.

படைகளுக்கு ஆணையிட்டுப் பழகிய குரல் வாயிற்புறத்தில் வந்து நின்று, வரமாட்டாத பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தது. நங்கையாரும் கணவர் பணியில் நின்று அழைத்தார். பள்ளியிலிருந்து ஓடி வருவார் போலச் சீராளர் வந்தார். அள்ளியெடுத்த தாயார் தந்தையார் கையிற் கொடுக்க, இருவரும் உள்ளே விரைந்தனர். பைரவரைக் காணவில்லை; சமைத்த கறியும் கலத்தில் இல்லை. இறைவன் உமையம்மையோடும் முருகப் பெருமானோடும் விடைமேல் காட்சி தந்து, தந்தையார், தாயார், மைந்தர், தாதியார் நால்வரையும் பிரியாமல் தன்னுடன் இருக்கும் பேற்றை அருளினான்.

இச்சரிதத்தைக் கேட்டு மனம் துணுக்குறுவோர் எக்காலத்தும் உளர். அத்துணுக்கத்தைச் சைவக்குறைவு என்று கடிவார் சிலர். அவர் நம் பெரியோர் வாக்கை முற்றும் ஓதாதவர். பட்டினத்தடிகளே, தம்மால் இயலாத செயல்களை எண்ணிக் காளத்தியப்பர் முன் முறையிடும் இடத்தில், மகனை அரிந்து ஊட்டிய இச்செயலை முதலில் வைக்கிறார். திருநீலகண்டர் செயலும் கண்ணப்பர் செயலும் பின்னரே வருகின்றன. முற்றத் துறந்த ஒருவரே இயலாது என்று கைவிரித்த செயலை இல்லறத்தார்க்கு யாரும் விதிக்கவில்லை. பெரியபுராணம் ஒழுக்க நூல் போல இன்னது செய்க என்று கட்டளையிடும் நூலன்று. செயற்கரிய செய்தாரை உலகறியச் செய்யும் நூல். பிள்ளையார் பதிகத்தில் இச்செயலைப் பற்றிய குறிப்பில்லை. நம்பியாரூரர் திருத்தொண்டத் தொகையில் ஊரும் பெயரும் மட்டுமே சொல்லி வணங்குகிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியிலே மகனை அமுதாக்கிய வரலாறு வெளிப்பட வருகிறது. சேக்கிழார் அதனை விரித்த பொழுது, குறையறக் கூறியதோடு, பிள்ளை திரும்பி ஓடி வரும் காட்சியையும் அதே நிறைவோடு கூறினார். முன்னதை மட்டும் எடுத்துப் பேசிப் பின்னதை விடுவோர் கதையைப் பாதியில் நிறுத்தியவராவர்.

சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்னதாகவே இக்குடும்பம் தஞ்சையில் வழிபாடு பெற்றது என்பதற்குக் கற்சான்று உண்டு. திருப்பணிச் செல்வர்கள் இதனை உவந்து கேட்பார்கள். முதல் இராசராசன் எடுப்பித்த இராசராசேச்சரத்தில் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரி ஒருவர் இருந்தார். பொய்கை நாட்டைச் சேர்ந்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான் என்பவர். கோயிற் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. அவர் தம் பொருளில், மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1014) வரையில், பல செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் திருமேனிகள் அவற்றுள் அடங்கும். வேறொரு தொகுதியில் க்ஷேத்திரபாலர், பைரவர் திருவுருவங்களோடு சிறுத்தொண்ட நம்பியும் திருவெண்காட்டு நங்கையும் சீராள தேவரும் வருகின்றனர்.

அக்காலக் கல்வெட்டு முறை மிகக் கண்டிப்பானது. திருமேனி கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா, உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கைகள் எத்தனை, பீடத்தின் அளவு யாது என்பனவெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. கொடுத்தவர் பெயரும் ஊரும் விடப்படவில்லை. மெழுகிற் கரு அமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உருகிய செம்பை ஊற்றும் கன்னாரின் பெயர்தான் இத்தொகுதியில் காணப்படவில்லை. அவர் கை, தந்தையார்க்கும் தாயார்க்கும் அருகே வைக்க ஒரு சிறு பிள்ளையின் உருவத்தையும் பிடித்திருக்கிறது. மூவேந்த வேளான் விரும்பியிருந்தால் சிறுத்தொண்டரை மட்டும் வார்ப்பித்திருக்கலாம். மன்னனின் படைத்தலைவர்கள் நிறைந்திருந்த தலைநகரில், முற்காலப் படைத்தலைவர் ஒருவரின் தனித் திருமேனி பொருத்தமாகவே இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. மனைவியார் இல்லாமல், மகனார் இல்லாமல் சிறுத்தொண்டரை நினைக்க அக்காலத்தார்க்கு இயலவில்லை என்றே தோன்றுகிறது. பைரவர் திருவுருவமும் அதே தொகுதியில் இருத்தலால், செங்காட்டங்குடி நிகழ்ச்சி முழுவதையும் வேளான் உளத்திற் கொண்டார் என்பது தெளிவு. செங்காட்டங்குடிக் கோயிற் சோழர் கல்வெட்டுக்களிலும் சீராள தேவர் பெயர் வருகிறது. சேக்கிழார்க்குச் சிறிது காலம் பின்னர், இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துத் திருக்கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக வரிசையில் அமைந்தன.

இனி, வாதாபி இருந்த நாட்டின் பக்கம் திரும்புவோம். பல்லவர் கையில் அந்நகரம் நிலைத்திருந்த காலம் சிறிது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் புலிகேசி மகன் விக்கிரமாதித்தன் நாட்டை மீட்டுக்கொண்டான். பின்பு அவனே தென்னாட்டின் மேல் படையெடுத்துக் காவிரிக் கரை வரை வந்தான். வாளால் வந்தது வாளாலே போயிற்று. அக்கன்னட நாட்டார்க்குப் பரஞ்சோதி என்பவர் தம் தலைநகரை அழித்த பகைவர். அவர் பெயரை அவர்கள் மறந்திருந்தால் குறை சொல்வார் இல்லை.

அவர்கள் மறக்கவில்லை, ஆனால் நினைத்த முறை வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவர், குலமும் தொழிலும் கருதி எண்ணத்தகாத அடியார்களைத் தம் வசனம் ஒன்றில் எண்ணும்பொழுது, ஆடை வெளுக்கும் மாச்சய்யரோடும் பிறரோடும் சிரியாளரையும் கூறுகிறார். அங்கே சிரியாளர் ஒரு செட்டி, அதாவது வணிகர். பசவர் கல்வி கற்றதும் இறுதியில் இறைவனோடு கலந்ததும் ஆகிய கூடலசங்கமம், பாதாமி அடங்கிய பாகல்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பால்குரிகி சோமநாதர் தெலுங்கிற் பாடிய பசவ புராணத்தில் காஞ்சியின் சிரியாளர் கதை இடம்பெற்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்ரீநாதர் தம் ஹரவிலாசத்தில் சிறுத்தொண்ட நம்பியின் கதையை விரித்தார். மராட்டியர் நாட்டில் ஸ்ரீதரர் 1718-இல் இயற்றிய சிவலீலாமிருதத்திலும் அக்கதை உண்டு. அங்கே அவர் ஸ்ரியாளன் என்னும் அரசர், மனைவியார் சாங்குணா, பிள்ளை சிலயன்.

ஊர் மாறிற்று, தொழில் மாறிற்று, மருத்துவக் குலத்துப் படைத்தலைவர் ஓரிடத்தில் வணிகரானார், மற்றோரிடத்தில் அரசரானார். மகனின் பெயரே தந்தையார்க்கு ஏறிப் பெயராயிற்று என்பதும் நோக்கத்தக்கது. சீராளன் என்பதே சிரியாளன் எனத் திரிந்தது போலும். வாதாபிப் போர் இக்கதைகளில் ஒரு சொல்லாகவும் இல்லை. தந்தையாரும் தாயாரும் பிள்ளையும் வாயிலில் நின்று அழைக்கும் அழைப்பும் மட்டும் எல்லை கடந்து சென்று, தோற்ற நாட்டுத் தாய்மாரின் கண்ணீரையும் பெற்றன.

தஞ்சையில் மூவேந்த வேளான் எழுந்தருளுவித்த மூன்று திருமேனிகளும் இப்பொழுது அங்கு இல்லை. இராசராசன் காலத்துச் செப்புத் திருமேனிகளுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆடவல்லார் அவற்றுள் ஒருவர். கல்லில் வெட்டிய பெயர்கள் மட்டும் அவ்வரிசையிலேயே இருக்கின்றன. செங்காட்டங்குடியில் உத்தராபசுபதீசர் திருக்கோயிலில் ஆண்டுதோறும் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழா நடைபெறுகிறது. நாயனார் குருபூசையும் அந்நாளே.